உன் விரல் அசைந்ததால் கிடைத்த வேலை

என் அன்பு ரிஸ்வானா,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் "சுத்தி வளைக்காத, மேட்டருக்கு வாடி" என்று பல்லைக் கடிப்பாய். எனக்கு வேலை கிடைத்துவிட்டது. பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில், மூன்று வருடத்துக்கு. தொட்டவுடன் அது என்னவென்று மூளைக்கு எப்படித் தெரிகிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. நீ இருந்திருந்தால் கேட்டிருப்பாய்: "இதுக்கு சம்பளம் வேற தர்றாங்களா?" தருகிறார்கள் ரிஸ்வானா. நிஜமாகவே தருகிறார்கள்.

போன செவ்வாய்க்கிழமை காலை ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் வேலூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். போனில் கடிதம் வந்தது. பழக்கதோஷம், முதல் வரியில் 'வருந்துகிறோம்' எங்கே இருக்கிறது என்றுதான் தேடினேன். இல்லை. இரண்டாம் முறை படித்தேன், அப்போதும் இல்லை. மூன்றாம் முறை எழுத்தெல்லாம் கலங்கிவிட்டது. பக்கத்தில் பூக்கூடையோடு நின்ற அம்மா பயந்துபோய், "இன்னாமா, வீட்ல யாருக்காச்சும் எதனா ஆயிடுச்சா?" என்றார்.

"இல்லமா. வேலை கெடச்சிருக்கு."

"அதுக்கு ஏம்மா அழுவுற? நல்ல பொண்ணுமா நீ!"

பஸ் வந்தது. ஏறவில்லை. நான் பாடம் எடுக்கும் கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு நேராக உன் வீட்டுக்கு நடந்தேன். அந்தத் தெருமுனை வரை கால்கள் உன்னிடம் சொல்லத்தான் ஓடின. முனையில்தான் நினைவு வந்தது. ஆனாலும் நிற்கவில்லை.

உன் வீட்டுக்காரர் இம்தியாஸ் பாய் வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் துணியைப் போட்டுவிட்டு எழுந்தார்.

"கெடச்சிருச்சா?"

"கெடச்சிருச்சு பாய்."

"பர்மனென்ட்டா?"

"மூணு வருஷம்."

"அப்புறம்?"

"அப்புறம் வேற தேடணும்."

"இவ்ளோ படிச்சும் டெம்பரரியாமா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு அதே கையால் தெருவில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டு, "நம்ம தேனுக்கு பெங்களூர்ல வேலை!" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். உனக்கு இந்த வேலையின் பெயரே பிடிக்காது. முனைவர் பட்டம் வாங்கிய பிறகு சில வருடம் வேறொருவரின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்ய வேண்டும், அதற்குப் போஸ்ட்டாக் என்று பெயர் என்று சொன்னபோது, "போஸ்டாபீஸ்ல டாக்டரா?" என்று கேட்டாயே. அதுதான் இது.

இந்தக் கடிதத்தை வேறு ஆட்களும் படிப்பார்கள். அதனால் உன்னைப் பற்றி அவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீயும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. பன்னிரண்டாவது முடித்ததும் நான் கல்லூரிக்குப் போனேன். உனக்குக் கல்யாணம் ஆனது, பிறகு ஷூ கம்பெனியில் சேர்ந்தாய். கடைசி மேசையில் செக்கிங் வேலை. தைத்து ஒட்டி முடிந்து வரும் ஒவ்வொரு ஷூவுக்குள்ளும் கையை விட்டு, நூல் பிசிறு இருக்கிறதா, பசை கட்டியிருக்கிறதா, உள்துணி மடிந்திருக்கிறதா, ஆணி முனை நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். உள்ளே கண்ணுக்கு எதுவும் தெரியாது. பார்ப்பது முழுக்க விரல்தான்.

அப்படிப்பட்ட விரலைத்தான் நான் ஒருநாள் கட்டிப்போட்டேன்.

பெங்களூரில் என் முனைவர் ஆராய்ச்சியின் மூன்றாம் வருடம். பரிசோதனைக்கு உட்கார ஆள் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தேன். பக்ரீத் லீவில் நீ வீட்டில் இருந்தாய். ஷூ பெட்டி அளவு கருவியைத் தூக்கிக்கொண்டு வந்து உன் கூடத்தில் வைத்தேன். விரலை ஒரு பட்டையால் அசையாமல் கட்டிவிட வேண்டும். கருவி ஒரு சின்னத் தகட்டை விரல் நுனியில் அழுத்தும், எடுக்கும், பிறகு இன்னொன்றை அழுத்தும். இரண்டில் எது அதிகச் சொரசொரப்பு என்று நீ சொல்ல வேண்டும். அவ்வளவுதான். விரல் அசைந்தால் நன்றாகத் தெரியும் என்பது எல்லோரும் அறிந்த பழைய செய்தி. ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி அசைத்தால் என்னால் கணக்குப் போட முடியாது. அதனால்தான் அந்தக் கட்டு.

"எது சொரசொரப்பு ஜாஸ்தி? மொதல்லதா, ரெண்டாவதா?"

"ரெண்டும் ஒன்னுதான்."

"நல்லா யோசிச்சு சொல்லு ரிஸ்வானா."

"யோசிக்க இன்னாடி இருக்குது? வெரலக் கட்டிப் போட்டுட்டு தெரியுதா தெரியுதான்னா? வாயக் கட்டிட்டு பாடச் சொல்ற மாதிரி கீதே!"

பத்துத் தடவை பொறுத்துக்கொண்டாய். அதற்கப்புறம் என்ன செய்தாயோ, பட்டை தளர்ந்துவிட்டது. உன் விரல் தகட்டின் மேல் லேசாக ஓடியது. "இது ஜாஸ்தி. அது கம்மி. இப்ப மொதல்லது. இப்ப ரெண்டாவது." வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாய். ஒன்றுகூடத் தப்பில்லை. என் ஆய்வுக்கூடத்தில் யாருமே பிரித்துச் சொல்லாத தகடுகளைக்கூட நீ பிரித்துச் சொன்னாய்.

"அசைக்கக் கூடாது! அசைச்சா தப்பு!" என்று கத்தினேன்.

"அப்ப நான் சொன்னது தப்பா?"

"சொன்னது சரி. செஞ்சதுதான் தப்பு."

"பேஜார் புடிச்ச பரீட்ச இது!" என்று நீ சிரித்த சிரிப்பில் சமையலறையிலிருந்து சஃபா ஓடி வந்தாள். உன் மகளுக்கு அப்போது ஆறு வயது. பிறகு நீ உள்ளே போய் ஒரு ஷூவைக் கொண்டு வந்தாய். என் கையைப் பிடித்து அதற்குள் விட்டாய். "நூலத் தேடணும்னா நுனியால மெதுவா போவணும். பசக் கட்டின்னா வேகமா ஒரே தடவு. ஆணின்னா அழுத்தவே கூடாது, சும்மா மேல மெதந்து போவணும். எதத் தேடுறமோ அதுக்குத் தகுந்த மாதிரி கை போவும்டி. நாம சொல்ல வேணாம், அதுவே போவும்." நான் தலையை ஆட்டினேன். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. கெட்டுப்போன கணக்கைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனிமேல் சொல்லப்போவதை உன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும். என் ஆய்வேட்டில் நூற்றுச் சொச்சம் பக்கம் தாண்டி ஒரு வரி இருக்கிறது. 'பங்கேற்பாளர் எண் ஏழு: அறிவுறுத்தலைப் பின்பற்றாததால் நீக்கப்பட்டார்.' அது நீதான். முன்பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் உன் பெயரைப் பெரிதாகப் போட்டேன். உள்பக்கத்தில் உன்னை எடுத்து வெளியே போட்டேன். "என் ரிசல்ட் இன்னாச்சுடி?" என்று நீ இரண்டு முறை போனில் கேட்டாய். "சூப்பரா வந்திருக்கு" என்றேன், இரண்டு முறையும்.

அப்புறம் அந்த மழைக்காலம் வந்தது. உனக்குக் காய்ச்சல் என்றார்கள். ஐந்தே நாள். பெங்களூரிலிருந்து கிளம்பிய என் ரயில் ஜோலார்பேட்டையில் நின்றிருந்தபோது பாயின் போன் வந்தது. மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. அந்த நடைமேடையில் டீ விற்பவரின் குரல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். அழுமூஞ்சிகளை உனக்குப் பிடிக்காது.

பட்டம் வாங்கினேன். வேலை வாங்க முடியவில்லை. வேலூரில் ஒரு கல்லூரியில் தற்காலிகமாகப் பாடம் எடுத்துக்கொண்டு, ஊர் ஊராக, நாடு நாடாக விண்ணப்பம் போட்டேன். தொடுதலை ஆராயும் கூடங்கள் உலகத்தில் நிறைய இருக்கின்றன ரிஸ்வானா. செயற்கைக் கைக்குத் தொட்டால் தெரியும்படி செய்ய ஒரு கூட்டம் உழைக்கிறது. குறைமாதக் குழந்தையைத் தடவிக்கொடுத்தால் அதன் மூளையில் என்ன ஆகிறது என்று இன்னொரு கூட்டம் பார்க்கிறது. சர்க்கரை நோயில் மரத்துப்போன பாதத்துக்கு உணர்வைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். விளம்பரங்களைப் படிக்கப் படிக்க எல்லாவற்றுக்கும் ஆசை வரும். பதிலுக்கு வந்ததெல்லாம் வருத்தக் கடிதம்தான். ஒன்றைப் பாய்க்குத் தமிழில் படித்துக் காட்டினேன். "இல்லன்றத இவ்ளோ மரியாதையா சொல்றாங்களே, எங்க ஸ்டாண்டுல இப்டி ஒருத்தன் பேச மாட்டான்" என்று வியந்தார்.

போன கோடையில் அந்த பெங்களூர் விளம்பரம் வந்தது. மற்றவர்கள் போல அது தெரியுமா, இது தெரியுமா என்று நீளமாகக் கேட்கவில்லை. 'தொடு உணர்வைப் பற்றி உங்களை உறுத்தும் ஒரு கேள்வியை இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள்' என்று மட்டும் இருந்தது.

உறுத்தும் கேள்வி. என்னை உறுத்திக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். பழைய கணினியைத் திறந்து உன் பதிவை எடுத்தேன். நீக்கினேனே தவிர அழிக்கவில்லை. தகட்டின் அடியில் அழுத்தத்தையும் அசைவையும் அளக்கும் ஒரு துண்டு உண்டு. உன் விரல் எப்போது ஓடியது, எப்போது நின்றது, எவ்வளவு அழுத்தியது, எல்லாவற்றையும் அது எழுதி வைத்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அந்தக் கோடுகளைப் பார்த்தேன். எளிதான தகடுகளில் உன் விரல் வேகமாக ஓடியிருந்தது. இரண்டு தகடும் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்த இடங்களில் வேகம் தானாகக் குறைந்திருந்தது, அழுத்தமும் குறைந்திருந்தது. நீ வாயைத் திறந்து பதில் சொல்வதற்கு வெகு முன்பே, இது கஷ்டமான கேள்வி என்று உன் விரலுக்குத் தெரிந்துவிட்டது.

யார் அதற்குச் சொன்னது? வருடக்கணக்காக ஷூவுக்குள் போய்வந்த விரலின் தோல் மாறியிருக்கிறதா, மூளை மாறியிருக்கிறதா? எல்லோருடைய விரலும் இப்படித்தான் செய்யுமா, உன் மேசைப் பெண்களின் விரல் மட்டும்தானா? இரண்டு பக்கம் போதவில்லை எனக்கு. தலைப்பில் மட்டும் நீ சொன்னதை அப்படியே போட்டேன்: எதைத் தேடுகிறோமோ அதற்குத் தகுந்த மாதிரி கை போகும்.

நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள், வீடியோவில். அன்றைக்குப் பார்த்து எங்கள் தெருவில் குழாய் பதிக்க ரோட்டைக் குடைந்துகொண்டிருந்தார்கள். எங்கே போவது? உன் கூடத்துக்குத்தான். சஃபா மேசையைத் துடைத்து வைத்து, "காலா, பின்னாடி துணிக்கொடி தெரியுது" என்று கேமராவைத் திருப்பி வைத்தாள். அம்மாவின் தங்கையை உங்கள் வீட்டில் கூப்பிடுவது போலத்தானே அவள் என்னைக் கூப்பிடுகிறாள். அந்த ஒரு சொல்லுக்கே எனக்குத் தைரியம் வந்துவிடும்.

திரையில் மூன்று பேர். நடுவில் நரைத்த தலையோடு ஒரு பேராசிரியை, அந்தக் கூடத்தின் தலைவி. கணக்கைப் பற்றிக் கேட்பார்கள், மூளைப் படம் எடுப்பதைப் பற்றிக் கேட்பார்கள் என்று எல்லாம் படித்துவைத்திருந்தேன். அந்த அம்மா என் ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டே கேட்ட முதல் கேள்வி: "ஏழாம் எண்ணை ஏன் நீக்கினீர்கள்?"

படித்து வைத்த எந்தப் பதிலும் அதற்குப் பொருந்தவில்லை. உண்மையைச் சொன்னேன். "என் பரிசோதனையைக் காப்பாற்றிக்கொள்ள. அவர்தான் அதில் என்ன தவறு என்று சொன்னவர். நான் கேட்கவில்லை. அவர் என் தோழி. இப்போது உயிரோடு இல்லை."

பிறகு ஓரத்தில் இருந்தவர் கேட்டார்: "தொழிற்சாலைப் பெண்களை வைத்து ஆராய்ச்சி என்கிறீர்கள். சொன்னபடி செய்வார்களா?"

"மாட்டார்கள். அதனால்தான் அவர்கள் எனக்கு வேண்டும்" என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

பேராசிரியை முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "உங்கள் தோழி எப்படித் தேடுவார்? காட்ட முடியுமா?" என்றார். நான் எழுந்து வாசலுக்கு ஓடினேன். கையில் கிடைத்தது சஃபாவின் ஸ்கூல் ஷூ. கேமரா முன்னால் அதற்குள் கையை விட்டு, நூலுக்கு இப்படி, பசைக்கு இப்படி என்று விளக்கிக்கொண்டே போனேன். நுனியில் ஏதோ தட்டுப்பட்டது. "இப்போதுகூட ஏதோ இருக்கிறது, மெல்லிசானது, ஓரம் கூராக இருக்கிறது" என்று பெருமையாக அறிவித்துவிட்டு வெளியே எடுத்தேன். கசங்கிய சாக்லேட் காகிதம். கதவுக்குப் பின்னாலிருந்து "அய்யோ காலா!" என்று ஒரு அலறல். மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். எனக்கு வேலை கிடைத்தது கணக்காலா காகிதத்தாலா என்று இன்றுவரை தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். தெருவெல்லாம் சொல்லி முடித்துவிட்டு மத்தியானத்துக்கு மேல்தான் பாய் உள்ளே வந்து உட்கார்ந்தார். இனிமேலும் மறைத்தால் அந்த வேலைக் கடிதத்தைக் கையில் வைத்திருக்கவே எனக்கு அருகதை இல்லை என்று தோன்றியது. ஏழாம் எண்ணைப் பற்றி, நான் சொன்ன பொய்யைப் பற்றி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னேன்.

"அதுவா? அது அவளுக்குத் தெரியுமே" என்றார்.

நான் நிமிர்ந்தேன்.

"நீ போன்ல சூப்பர்னு சொன்ன அன்னிக்கே சொன்னா. தேனு என்ன ரிஜெக்ட் பண்ட்டா போல, சொல்ல மாட்டேங்குறான்னு."

"கோச்சுக்கலயா பாய்?"

"எங்க? உழுந்து உழுந்து சிரிச்சா. நானும்தான் தெனம் எத்தன ஷூவ ரிஜெக்ட் பண்றேன், அதுல பாதி நல்ல ஷூதான், ரூல்ஸ்னு ஒன்னு கீதே, நாம இன்னா செய்றதுன்னா."

ரிஸ்வானா, எப்படி இருந்திருக்கும் எனக்கு? இத்தனை நாள் நான் மட்டும் தூக்கிக்கொண்டு திரிந்ததை நீ எப்போதோ சிரித்துத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறாய். அதை என்னிடம் ஏன் சொல்லவில்லை? நானாக வந்து சொல்லட்டும் என்றா? இல்லை, மறந்தே போனாயா? உன்னைத் தெரிந்த வரையில், மறந்துபோயிருப்பாய் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு அழுகை வருவதற்குள் சஃபா ஸ்கூலிலிருந்து வந்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் கேட்ட முதல் கேள்வி: "அந்தக் காகிதத்தப் பத்தி லெட்டர்ல எழுதியிருக்காங்களா?"

இன்னும் ஒரு சேதி பாக்கி இருக்கிறது. முதல் வருடப் பரிசோதனைகள் ஆம்பூரிலேயேதான். உன் கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு அறை தர ஒத்துக்கொண்டார்கள். நேற்று உன் மேசைப் பெண்கள் ஆறு பேர் வந்து என் பழைய கருவியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். மேரி அக்கா தலைமை. உன் நாற்காலியில் இப்போது அவர்தான் உட்காருகிறார். கருவியை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்:

"வர்றோம்மா. ஆனா மூணு கண்டிஷன். கையக் கட்டக் கூடாது. நடுவுல டீ வேணும். இன்னா கண்டுபுடிச்சாலும் மொதல்ல எங்களுக்குச் சொல்லணும், எங்களுக்குப் புரியற மாதிரி."

பேராசிரியைக்கு அப்படியே எழுதி அனுப்பினேன். மூன்றுக்கும் சரி என்று பதில் வந்துவிட்டது. டீயோடு பிஸ்கட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். உன் பதிவைப் புதிய ஆய்வின் தொடக்கமாகச் சேர்க்கலாமா என்று பாயிடமும் கேட்டேன். "பேரு போடுவீங்களா?" என்றார். பரிசோதனைக்கு உட்கார்ந்தவர்களின் பெயரைப் போடுவது வழக்கமில்லை. ஆனால் யோசனை சொன்னவர்களின் பெயரைப் போடலாம், குடும்பம் சம்மதித்தால். சஃபா தன் அழகான கையெழுத்தில் உன் முழுப்பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். எழுத்துப்பிழை வந்துவிடக் கூடாதாம்.

அடுத்த மாதம் சேருகிறேன். வாரம் அங்கே, ஞாயிறு இங்கே. ரயிலில் தூங்கிக்கொள்வேன். முதல் முடிவுகள் வந்ததும், அவை எந்தப் பத்திரிகைக்கும் போவதற்கு முன்னால், தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு வந்து அந்த ஆறு பேர் முன்னால் நின்று படிப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. பாதியிலேயே குறுக்கே பேசுவார்கள், இது இப்படி இல்லை, அப்படி என்பார்கள். பேசட்டும். இந்த முறை பேனாவை மூடாமல் வைத்திருப்பேன்.

உன் சஃபாவுக்குக் காலா,
உனக்குக் கூடப்பிறக்காத தங்கை,
தேன்மொழி